எட்டு பவுண்டு மீட்டருக்கு 48 பவுண்டு தபால் செலவா?

கேள்வி: வள்ளூரில் வசிக்கிறேன், அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. தாத்தா ஓட்டிய 1960-களின் புல்லட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். அதற்குரிய ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் ஒன்று வெளிநாட்டு இணைய ஏலத்தில் 8 பவுண்டுக்கு நிற்கிறது. விற்பவர் இங்கிலாந்துக்காரர். இந்தியாவுக்குத் தபால் செலவு 48 பவுண்டு என்று போட்டிருக்கிறார். இது நியாயமான கட்டணமா, ஏமாற்றா? ஏலத்தில் இறங்கலாமா?

பதில்: அந்தப் பக்கத்தில் இருக்கிற நிலையில் இறங்க வேண்டாம். விற்பவரிடம் சில கேள்விகள் கேட்டு, அவர் சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள். என்ன கேட்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்று விரிவாகச் சொல்கிறேன். புல்லட் ஸ்பேர் தேடுபவர்களுக்கு மட்டுமல்ல, தபால்தலை, நாணயம், பழைய கேமரா லென்ஸ், கிராமபோன் தட்டு என்று கடல் தாண்டி வாங்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

உங்கள் தேவை நியாயமானது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, திருவொற்றியூரில் பூட்டப்பட்ட முதல் புல்லட்டுகளுக்குப் பாகங்கள் அங்கிருந்துதான் வந்தன. ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. அதனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மீட்டர், மேக்னெட்டோ, கார்பரேட்டர் போன்றவை இன்று பெரும்பாலும் அங்குள்ள தனிநபர்களின் கொட்டகைகளிலிருந்தும் பழைய கடைகளின் மிச்சச் சரக்கிலிருந்தும்தான் ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் வெளிநாட்டுப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் சென்னையில் வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே கிடைத்துவிட்டால் தபால் செலவும் இல்லை, சுங்கத் தீர்வையும் இல்லை, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தும் வாங்கலாம்.

அங்கே கிடைக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

விலையைக் குறைத்துத் தபாலை ஏற்றுவது ஏன்?

பொருளுக்கு 8, தபாலுக்கு 48 என்று பிரித்துப் போடுவதில் விற்பவருக்குப் பல ஆதாயங்கள் உண்டு. முன்பு ஏலத் தளங்கள் பொருளின் விலைக்கு மட்டும்தான் கமிஷன் பிடித்தன. தபால் செலவில் பணத்தைத் தள்ளிவிட்டால் கமிஷன் குறையும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2011-ல் ஈபே தன் அமெரிக்கத் தளத்தில் தபால் செலவுக்கும் சேர்த்துக் கமிஷன் பிடிக்கத் தொடங்கியது.

மற்ற ஆதாயங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. தபால் செலவைச் சேர்க்காமல் விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் தளத்தில், 8 பவுண்டு மீட்டர் மேலே நிற்கும். 35 பவுண்டுக்கு நேர்மையாகப் போட்டவர் கீழே போய்விடுவார். குறைந்த தொகையில் தொடங்கும் ஏலம் பலரை இழுக்கும். இறங்கிய பிறகு விட்டுக்கொடுக்க மனம் வராது. மேலும், வாங்கியவர் மனம் மாறிப் பொருளைத் திருப்பி அனுப்பினால், விற்பவர் பொருளின் விலையைத் தந்தால் போதும். முதலில் வாங்கிய தபால் செலவைத் தர வேண்டியதில்லை. 8 பவுண்டைத் திருப்பிக் கொடுத்து 48 பவுண்டை வைத்துக்கொள்ளலாம்.

ஈபேயின் விதிப்படி, அனுப்பும் செலவு, பெட்டி, கட்டும் வேலை ஆகியவற்றுக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்று தபால் செலவு வாங்கக் கூடாது.

அதிகமான எல்லாக் கட்டணமும் ஏமாற்று அல்ல

விற்பவரைக் குற்றம் சொல்வதற்கு முன் இதையும் அறிந்துகொள்ள வேண்டும். வள்ளூரில் இருப்பவர் காமராஜர் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளியையும் அன்றாடம் பார்க்கிறார். இத்தனை கப்பல் வருகிறதே, ஒரு கிலோ பொட்டலத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் தனிநபர் பொட்டலம் பெரும்பாலும் விமானத்தில்தான் வருகிறது. அமெரிக்க அஞ்சல் துறை 2007 மே மாதமே சாதாரண வெளிநாட்டுக் கப்பல் தபாலை நிறுத்திவிட்டது. மாதக் கணக்கில் காத்திருந்து மலிவாகப் பெறும் வழி அங்கிருந்து வாங்குவோருக்கு அன்றோடு அடைபட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ஒரு நாட்டுத் தபாலை மற்ற நாடு வீடு சேர்ப்பதற்கு நாடுகள் ஒன்றுக்கொன்று தரும் தொகையை, 1874-ல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியம் வரையறுக்கிறது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய அதன் சிறப்பு மாநாடு, சிறு பொட்டலங்களுக்கான அந்தத் தொகையை நாடுகள் தாங்களே அறிவிக்க வழிவிட்டது. பொருளை விடத் தபால் மலிவாக இருந்த காலம் அதன் பிறகு வெகுவாகக் குறுகியது.

தளமே நடத்தும் அனுப்பும் திட்டங்களும் உண்டு. விற்பவர் தன் நாட்டுக்குள்ளேயே ஒரு கிடங்குக்கு அனுப்புவார். அங்கிருந்து வேறொரு நிறுவனம் நமக்கு அனுப்பும். பக்கத்தில் தெரியும் பெரிய தொகையை அந்தத் திட்டம்தான் நிர்ணயிக்கிறது. விற்பவருக்கு உள்நாட்டுத் தபால் செலவு மட்டுமே கிடைக்கும். அப்போது அவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. சாதாரண அஞ்சலில் நேரடியாக அனுப்புவீர்களா என்று பணிவாகக் கேளுங்கள். சிலர் சம்மதிப்பார்கள்.

ஆகவே தொகை பெரிதா சிறிதா என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. எடையோடும் அளவோடும் அனுப்பும் முறையோடும் அது பொருந்துகிறதா என்பதுதான் அளவுகோல்.

ஏலம் கேட்கும் முன் நான்கு கேள்விகள்

ஆட்டோவில் ஏறும் முன் பேசினால்தான் கட்டணம் படியும், இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஏலமும் அப்படித்தான். வென்ற பிறகு நீங்கள் அந்தத் தபால் செலவுக்கு ஒப்புக்கொண்டவர். எனவே ஏலம் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதே, தளத்தின் செய்திப் பெட்டி வழியாக இவற்றைக் கேளுங்கள்:

1. கட்டிய பிறகு பொட்டலத்தின் எடை எத்தனை கிராம்?

2. பெட்டியின் நீளம், அகலம், உயரம் என்ன?

3. எந்தச் சேவையில் அனுப்புகிறீர்கள்? சாதாரண அஞ்சலா, கண்காணிப்பு எண் உள்ள அஞ்சலா, தனியார் கூரியரா?

4. இரண்டு மூன்று பொருள் வாங்கினால் ஒரே பெட்டியில் அனுப்பித் தபால் செலவைக் குறைப்பீர்களா?

பதில் வந்ததும் அந்த நாட்டு அஞ்சல் துறையின் தளத்துக்குப் போங்கள். இங்கிலாந்துக்கு ராயல் மெயில், அமெரிக்காவுக்கு யுஎஸ்பிஎஸ், ஜப்பானுக்கு ஜப்பான் போஸ்ட். எல்லாவற்றிலும் கட்டணக் கணிப்பான் இலவசமாக இருக்கிறது. இந்தியா என்று தேர்ந்தெடுத்து, எடையைப் போட்டால் சரியான கட்டணம் வந்துவிடும். பொதுவாக 2 கிலோ வரை சிறு பொட்டலமாக அனுப்பலாம். அதைத் தாண்டினால் பார்சல் கட்டணத்துக்கு எகிறும். உங்கள் மீட்டர் நன்றாகக் கட்டினாலும் அந்த 2 கிலோவுக்குள் தாராளமாக அடங்கும். கணிப்பான் காட்டும் தொகைக்கு மேல் பெட்டிக்கும் உழைப்புக்கும் இரண்டு மூன்று பவுண்டு வைத்தால் அது நியாயம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் பொருளின் விலை தபாலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

தனியார் கூரியர் என்றால் எடை மட்டும் போதாது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டிக்குள் ஒரு கிலோ பொருள் இருந்தாலும் 4.8 கிலோவுக்குக் காசு வாங்குவார்கள். சிறிய பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வேண்டுகோளே செலவைக் கணிசமாகக் குறைக்கக்கூடும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்களும் உண்டு. தபால்தலைக்கும் இரும்புப் பாகத்துக்கும் ஒரே தபால் செலவு. இரண்டாவது பொருளுக்கும் முழுக் கட்டணம். விற்பவரின் பக்கத்து நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே தொகை. எடை கேட்டால் பதிலே இல்லை. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

வீட்டு வாசல் விலையைக் கணக்கிடுங்கள்

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்: பொருளின் விலை என்று எதையும் தனியாகப் பார்க்காதீர்கள். பொருள், தபால், வங்கிக் கட்டணம், சுங்கத் தீர்வை எல்லாம் சேர்ந்து, தபால்காரர் உங்கள் வாசலில் பொட்டலத்தைக் கொடுக்கும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவுதான் விலை.

முதலில் வங்கி. வெளிநாட்டு நாணயத்தில் கார்டைப் பயன்படுத்தினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 'ரூபாயிலேயே கட்டுங்கள்' என்று தளம் காட்டும் தொகையில் அவர்களின் நாணய மாற்று லாபம் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் விற்பவரின் நாணயத்தில் கட்டுவதே மலிவு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்கிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கடைசி நிமிடத்தில் தடுமாறாமல் முன்பே இயக்கி, வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது சுங்கம். இங்கேதான் ஏற்றிய தபால் செலவு இரண்டாவது முறை கடிக்கிறது. பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அது இந்தியா வந்துசேரும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்புக்குத்தான் தீர்வை. அதன் மேல் சமூக நல மிகுவரியும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் வரும். தீர்வை வீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், வாங்கும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத பாதுகாப்பு ஒன்று இதில் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதி, விமானத்தில் வரும் பொருளுக்குப் போக்குவரத்துச் செலவாகச் சேர்க்கும் தொகை, ஏற்றுமதி நாட்டில் விமானம் ஏறும்போது பொருளுக்கு இருக்கும் மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 35 பவுண்டு பொருளுக்கு 16 பவுண்டு தபால் செலவு ஆனாலும், தீர்வைக் கணக்கில் 7 பவுண்டுதான் சேர வேண்டும். தீர்வைச் சீட்டு வந்ததும் இதைச் சரிபாருங்கள். முழுத் தபால் செலவையும் சேர்த்திருந்தால் விதியைச் சுட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) 60 நாளுக்குள் முறையிடவும் சட்டம் இடம் தருகிறது.

இப்போது கணக்கு. ஒரு பவுண்டு 120 ரூபாய், வங்கிக் கட்டணம் 4 சதவீதம், எல்லா வரியும் சேர்த்து 40 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். காப்பீட்டுக்கான சிறு தொகையை விட்டுவிடலாம். உங்களால் அதிகபட்சம் 9,000 ரூபாய் செலவிட முடியும். தபால் செலவு 16 பவுண்டு என்றால் நீங்கள் 38 பவுண்டு வரை ஏலம் கேட்கலாம். அதே பொருளுக்குத் தபால் செலவு 48 பவுண்டு என்றால் 16 பவுண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 8 பவுண்டில் நிற்கும் ஏலம் 17 பவுண்டைத் தொட்டதுமே நீங்கள் வெளியே வர வேண்டியவர். இந்த உச்சத் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தளத்தின் தானியங்கி ஏல வசதியில் ஒரே முறை பதிந்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுங்கள். கடைசி நிமிடத்தில் திரையின் முன் உட்கார்ந்தால் கை தானாக ஏறும்.

குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள்

தீர்வைக்குப் பயந்து, 'உறையில் மதிப்பைக் குறைத்து எழுதுங்கள்', 'அன்பளிப்பு என்று போடுங்கள்' என்று விற்பவரைக் கேட்கும் பழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். அன்பளிப்புக்கு இருந்த தீர்வை விலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே இப்போது உண்டு. பொய் மதிப்பு சுங்கச் சட்டப்படி குற்றம். பொட்டலம் வழியில் தொலைந்தால், எழுதியிருக்கும் குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

8 பவுண்டு விலை, 48 பவுண்டு தபால் என்ற பிரிப்பும் இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். சந்தைக்குப் பொருந்தாத மதிப்பு என்று அதிகாரிக்கு நியாயமான ஐயம் எழுந்தால், அதே சுங்க மதிப்பீட்டு விதிகளின் 12-ஆவது விதிப்படி அறிவித்த மதிப்பை ஏற்க மறுத்து அவரே மதிப்பிடலாம். ஏலப் பக்கத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு ஆகிய மூன்றையும் எடுத்து வையுங்கள். பெட்டியின் மேல் ஒட்டும் சிஎன் 22 அல்லது சிஎன் 23 சுங்க அறிவிப்பில் 'பழைய மோட்டார் சைக்கிள் வேகமானி, சொந்தப் பயன்பாட்டுக்கு' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'ஸ்பேர் பார்ட்' என்று பொதுவாக எழுதினால் சென்னை அயல்நாட்டு அஞ்சல் அலுவலகத்தில் பொட்டலம் விசாரணைக்கு நின்றுவிடக்கூடும்.

கூரியரில் வந்தால் ஆதார் போன்ற அடையாளச் சான்று கேட்பார்கள். வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்குத் தனிக் கட்டணமும் சேர்ப்பார்கள். குறைந்த விலைப் பொருளுக்கு அந்தக் கட்டணமே பாரமாகிவிடும். எனவே சிறிய பொருளுக்குக் கண்காணிப்பு எண் உள்ள அரசு அஞ்சலே ஏற்றது.

பொட்டலம் வந்த பிறகு

சர்வதேச அஞ்சலின் கண்காணிப்பு எண் 13 குறிகள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. இங்கிலாந்து என்றால் ஜிபி. இந்திய அஞ்சல் துறையின் தளத்திலேயே இதைப் பார்க்கலாம். முதல் எழுத்து ஆர் என்றால் பதிவு அஞ்சல், சி என்றால் பார்சல், இ என்றால் விரைவு அஞ்சல். யு என்று தொடங்கினால் முழுக் கண்காணிப்பு இல்லாத சாதாரணப் பொட்டலம். பதிவு அஞ்சலுக்குக் காசு வாங்கிவிட்டு யு எண்ணில் அனுப்பியிருந்தால், பணம் கட்டிய சேவை உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைப் படத்தோடு விற்பவருக்கு எழுதி வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

உறையைக் கிழித்து எறியாதீர்கள். பல நாடுகளில் ஒட்டும் சீட்டில் கட்டிய அஞ்சல் கட்டணமும் எடையும் அச்சாகியிருக்கும். அதை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் உண்மை நிலையையும் சொல்ல வேண்டும். பொருள் சரியாக வந்து சேர்ந்திருந்தால், தபால் செலவு அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்; நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட தொகை அது. தளத்திடம் புகார் செய்யலாம், அடுத்தவர் எச்சரிக்கையாக இருக்க நிதானமான சொற்களில் கருத்து எழுதலாம். பொருள் வரவே இல்லை, அல்லது விவரித்தபடி இல்லை என்றால் நிலைமை வேறு. ஈபே போன்ற தளங்களின் பண உத்தரவாதத்தில் முதலில் கட்டிய தபால் செலவும் சேர்த்துத் திரும்ப வரும். அதற்குப் பொதுவாக 30 நாள் கெடு. 'இன்னும் இரண்டு வாரம் பாருங்கள்' என்று விற்பவர் இழுத்தாலும் கெடுவுக்குள் முறையீட்டைப் பதிந்துவிடுங்கள்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று நாம் வாங்குவது வெளிநாட்டுத் தளத்தில். இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் பொருந்தும். மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் தபால், கையாளும் செலவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன அந்த விதிகள். கட்டணத்தைக் கடைசிப் படியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் தவறான வணிக முறை என்று பட்டியலிட்டுள்ளன. தளத்தின் மேல் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். இங்கிலாந்தின் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் தனி விற்பவரை அந்த எண்ணால் பிடிக்க முடியாது. நம் பாதுகாப்பு முழுவதும் ஏலம் கேட்பதற்கு முன் செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை

இன்றே விற்பவருக்கு அந்த நான்கு கேள்விகளை அனுப்புங்கள். அதோடு, ராயல் மெயிலில் கண்காணிப்பு எண்ணோடு சிறு பொட்டலமாக அனுப்பினால் எவ்வளவு என்றும் கேளுங்கள். அவர் கட்டணத்தைத் திருத்திப் பக்கத்திலேயே மாற்றினால் கணக்குப் போட்டு இறங்குங்கள். செய்தியில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பக்கத்தை மாற்றாவிட்டால், வென்றதும் திருத்திய மொத்தத் தொகைக்கான சீட்டைக் கேட்டு வாங்கி, அதன் பிறகே பணம் கட்டுங்கள். புல்லட்டுக்குக் கேபிள், விளக்கு வளையம் என்று வேறு தேவையும் இருந்தால் அவரிடமே சேர்த்து வாங்குங்கள். ஒரு தபால் செலவில் மூன்று பொருள் வந்துவிடும். முகவரியில் கைபேசி எண் இருக்கட்டும், நீங்கள் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தில் தீர்வை கட்டி வாங்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

ஏலம் முடியும் முன் பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இந்த வகை மீட்டர் அங்கே மறுபடியும் மறுபடியும் விற்பனைக்கு வரும். எடையைச் சொல்லி, செலவைச் சொல்லி விற்கும் நேர்மையானவர்கள் அதே தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் 9,000 ரூபாய் அவர்களில் ஒருவருக்குப் போகட்டும்.